இருநாட்டு வாழ்வும் இறைக் கடனும்

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் என்னும் புலவர் வரி கொள்ளும் முறைமையை எடுத்துரைத்த செய்தியைப் புறநானூறு கற்றோர் அறிவர். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால், சிறு வயலொன்றின் விளைவே ஒரு யானைக்குப் பல நாளைக்குப் போதும். அவ்யானையை வயலினுள்ளே தானாகப் புகவிட்டாலோ, அதன் வாயிற் புகுவதிலும் காலால் மிதிபட்டு அழிவதே மிகுதி. அரசன் அறநெறி அறிந்து வரி கொண்டால் நாடும் தழைக்கும், அவனும் தழைப்பான் என்பது புலவர் கருத்து. இப்பாடலை ஆண்டுதோறும் மாணாக்கர்க்குக் கற்பித்து வந்த யான், அண்மைக் காலத்தில் ஒரு கேள்வியைப் பிசிராந்தையாரிடத்துக் கேட்க விரும்பினேன். ஒரு வயலுக்குள் இரண்டு யானைகள் புகுமாயின் உழவன் செய்யத்தக்கது யாது?

இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. எமது கல்லூரியின் பழைய மாணவருட் பெருந்தொகையினர் இன்று இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்கின்றனர். அவர்க்கு ஈண்டு வீடுண்டு, வளவுண்டு, வங்கியில் வைப்புமுண்டு. உழைப்பது ஒரு நாட்டில், உடைமை மற்றொரு நாட்டில், உள்ளமோ இரண்டிற்கும் இடையில். இத்தகையோரின் வருவாயின்மீது இரு அரசுகளும் கைநீட்டும் உரிமையுடையன. அவ்வுரிமையின் எல்லை எது, வரி செலுத்துவோனுக்குள்ள காப்பு யாது என்பவற்றை எம்மவரிற் பலர் அறியார். அறியாமையினும் கொடிது, "வாய் திறவாதிருந்தால் ஒன்றும் வாராது" என்று உறவினர் ஒருவர்க்கொருவர் கூறும் அறிவுரை. அவ்வறிவுரையை ஏற்று நடந்தவருள் யானும் ஒருவன். ஆதலின் பிறரைக் குறை கூறுதற்கு முன் என் குறையைக் கூறுவது முறையாகும்.

என் மூத்த தமையனார் 1986ஆம் ஆண்டில் இலண்டன் சென்றவர். ஆண்டுகள் பல கழிந்தபின் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். 2009இல் போர் முடிவுற்றபின் எம் பெற்றோர் வாழ்ந்த வீட்டைத் திருத்தி வாடகைக்கு விட்டார். 2011இல் ஒரு தொகைப் பணத்தையும் அனுப்பினார். "தம்பி, காசு உன்னுடைய பெயரிலே கிடக்கட்டும். என்னுடைய பெயரிற் போட்டால் இரண்டு பக்கமும் வரி கேட்பார்கள்" என்றார். தமையன் சொல் தந்தை சொல்லாக எண்ணி வளர்ந்தவன் யான். வங்கியில் என் பெயராலே நிலையான வைப்பு இட்டேன். வீட்டு வாடகையும் என் கணக்கிலேயே சேர்ந்தது. வட்டியும் வாடகையும் சேர்ந்து கோயிற் றிருப்பணிக்கும், சகோதரி பிள்ளைகளின் படிப்புக்கும், தமையனார் ஊருக்கு வரும்போது செலவுக்கும் ஆயின. ஒரு சதமேனும் யான் கையாடவில்லை. ஆகவே நேர்மையாளன் என்றே என்னை எண்ணியிருந்தேன்.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆந் திகதி தொடக்கம், வங்கி வட்டியிற் பிடிக்கப்படும் வரி இலங்கையில் 5 வீதத்திலிருந்து 10 வீதமாயிற்று. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாதவர் தம் கையொப்பத்துடன் ஒரு பிரகடனம் கொடுத்தால் அவ்வரியைப் பிடியாது விடலாம் என்ற ஏற்பாடும் உடன்வந்தது. வங்கியார் அப்பத்திரத்தை என்முன் வைத்தனர். என் ஆசிரியச் சம்பளம் அவ்வெல்லைக்கு மிகவும் கீழ்ப்பட்டது. சம்பளத்தோடு தமையனாரின் வட்டியையும் வாடகையையும் கூட்டினாலோ எல்லை கடந்துவிடும். "என் வருமானம் எல்லைக்குட்பட்டது" என்று ஒப்பமிட்டால், என் பெயரிலுள்ள வட்டியை மறைத்தவனாவேன். வட்டியும் என்னுடையதே என்று ஒப்புக்கொண்டால், பிறர் பொருளை என் பொருளென்று கூறியவனாவேன். எப்பக்கம் ஒப்பமிடினும் பொய்யே. வாய்மையைப் பற்றி வகுப்பிற் பாடம் நடத்தும் ஒருவன், வங்கி மேசையின்முன் எழுதுகோலைக் கையிற் பிடித்தபடி விழித்துக்கொண்டிருந்தான். பத்திரத்தை வெறுமையாகவே மடித்து எடுத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

அன்றிரவு தமையனாரோடு தொலைபேசியிற் பேசினேன். அவர் சினந்தார். ஆறு மாதம் எம்மிடையே பேச்சில்லை. பின்னர் அவரே இலண்டனில் ஒரு கணக்காளரை நாடி அறிந்தவை யாவை, அவற்றால் யான் கற்றவை யாவை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

முதலில் இவ்விடர் எங்ஙனம் தோன்றிற்று என்பதைக் காண்போம். வருமானவரி பழமையானதன்று. பிரித்தானியாவில் 1799இல் நெப்போலியனோடு நிகழ்ந்த போர்க்காலத்தில் அது தோன்றியது. இலங்கையில் 1932ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் வந்தது. மலாயாவில் 1948 தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. எம் பாட்டன்மார் மலாயாப் புகையிரதப் பகுதியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஊழியஞ்செய்து, இளைப்பாற்றுச் சம்பளத்தோடு யாழ்ப்பாணம் திரும்பிக் கல்வீடு கட்டியதை ஊரவர் அறிவர். கடல் கடந்து பொருளீட்டுதலும், ஈட்டிய பொருளை ஊருக்குக் கொணர்தலும் எமக்குப் புதியனவல்ல. அக்காலத்தில் இரு நாடுகளும் ஒரே முடியின்கீழ் இருந்தன. இப்பொழுதோ ஒவ்வொரு நாடும் தனிச் சட்டம் வகுத்துள்ளது. சட்டங்கள் ஒன்றையொன்று நோக்கி எழுதப்படாமையின், ஒரே வருவாய் இரு வலைகளிலும் அகப்படுகின்றது.

முதல் உலகப் போரின்பின் வரிச்சுமை பெருகியபோது இக்கேடு உலகெங்கும் உணரப்பட்டது. நாடுகளின் சங்கம் நான்கு பொருளியலறிஞரை அழைத்து இதனை ஆராயச் செய்தது. புரூயின்ஸ், ஐனாடி, செலிக்மன், ஸ்டாம்ப் என்னும் அந்நால்வரும் 1923இல் தம் அறிக்கையை அளித்தனர். அவருள் ஐனாடி என்பவரே பின்னர் 1948இல் இத்தாலியின் சனாதிபதியானார். ஒருவனுடைய பொருளோடு எந்நாடு மெய்யான தொடர்புடையது என்று காண்பதற்கு அவர்கள் நான்கு வினாக்களை எழுப்பினர். செல்வம் எங்கே தோன்றியது? எங்கே இருக்கின்றது? அதன்மீதுள்ள உரிமையை எந்நாட்டுச் சட்டம் காக்கின்றது? அதன் உரிமையாளன் எங்கே வாழ்ந்து அதனை நுகர்கின்றான்? இவ்வழியிற் சென்ற ஆராய்ச்சியின் பயனாக இரட்டை வரிவிதிப்பைத் தவிர்க்கும் உடன்படிக்கைகள் எழுந்தன. இலங்கை 1979இல் பிரித்தானியாவோடும், 1982இல் கனடாவோடும், 1989இல் அவுஸ்திரேலியாவோடும் இத்தகைய உடன்படிக்கை செய்துகொண்டது. ஆகவே இரு யானைகளும் புகும் வயலுக்கு வரம்பு ஏற்கெனவே இடப்பட்டுள்ளது. எம்மவர் அவ்வரம்பைக் கண்டாரல்லர்.

இனி அவ்வரம்பின் இயல்பைக் கூறுவேன். குடியுரிமை வேறு, வரிக்குரிய வதிவு வேறு. இதனை முதலில் மனத்திற் பதித்தல் வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டு உடையவன் என்பதனாலோ, இரட்டைக் குடியுரிமை பெற்றவன் என்பதனாலோ ஒருவன் இலங்கையில் வரிக்குரிய வதிவாளன் ஆகிவிடான். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, ஒருவன் இலங்கையிற் குடியிருப்பவனாயினும், வரியாண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் யாதேனும் 12 மாத காலத்தில் மொத்தம் 183 நாள் அல்லது அதற்கு மேல் இந்நாட்டில் தங்கியவனாயினும் வதிவாளனாவான். வதிவாளன் தன் உலகளாவிய வருமானத்துக்கு வரி செலுத்தும் கடப்பாடுடையவன். வதிவாளனல்லாதான் இலங்கையில் தோன்றும் வருமானத்துக்கு மாத்திரம் வரி செலுத்துவான்.

பிரித்தானியாவும் வதிவையே பெரிதும் நோக்கும். 2013 ஏப்ரல் தொடக்கம் அந்நாட்டில் நாட்கணக்கும் குடும்பம், வீடு, தொழில் முதலிய தொடர்புகளும் சேர்ந்து வதிவைத் தீர்மானிக்கின்றன. 183 நாள் தங்கினவன் ஐயமின்றி வதிவாளன். அதனினும் மிகக் குறைந்த நாள் தங்கினவனும் அங்கே மனைவி மக்களும் வீடும் உடையவனாயின் வதிவாளனாதல் கூடும். கனடாவில் வீடு, வாழ்க்கைத்துணை, தங்கி வாழ்வோர் ஆகிய பிணைப்புக்களே முதன்மையாகக் கருதப்படும். ஐக்கிய அமெரிக்காவோ இவற்றினின்றும் வேறுபட்டது. தன் குடிமகன் உலகில் எம்மூலையில் வாழினும் அவனிடம் வருமான விவரம் கேட்கும் நாடு அது. ஆகவே "இலண்டன் மாமாவுக்குச் சரியானது நியூயோர்க் மாமாவுக்கும் சரியாகும்" என்று எண்ணுதல் பெரும் பிழை.

ஆண்டுக்கணக்கு வேறுபடுவதும் பலரை மயக்குவதொன்று. இலங்கையின் வரியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடியும். பிரித்தானியாவில் அது ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடியும். கனடாவில் சனவரி முதல் டிசம்பர் வரை. அவுஸ்திரேலியாவில் யூலை 1 தொடக்கம் யூன் 30 வரை. ஒரே வீட்டு வாடகையை இரு நாடுகளில் இரு வேறு ஆண்டெல்லைகளின்படி பகுத்துக் காட்ட வேண்டியிருக்கும். மாதந்தோறும் வாடகைச் சிட்டையைத் திகதியிட்டு வைத்தவனுக்கு இஃது எளிது. "வருடத்துக்கு இவ்வளவு வரும்" என்று வாயாற் கணக்குச் சொல்பவனுக்கு இஃது இயலாது.

ஒருவன் இரு நாட்டுச் சட்டங்களின்படியும் வதிவாளனாகிவிட்டால் என்செய்வது? இளைப்பாறியபின் ஏழு மாதம் யாழ்ப்பாணத்திலும் ஐந்து மாதம் பிள்ளைகளோடு இலண்டனிலும் வாழ்வோர் பலர் இந்நிலையில் உள்ளனர். அந்நிலையில் உடன்படிக்கைகள் படிப்படியாக வினவும். நிலையான இல்லம் எந்நாட்டில் உள்ளது? இரண்டிலும் இருந்தால், குடும்பமும் பொருளியற் றொடர்பும் எங்கே செறிந்துள்ளன? அதுவும் தெளியாவிடின், வழக்கமாகத் தங்குவது எங்கே? அதன்பின் எந்நாட்டுக் குடிமகன்? இவற்றாலும் முடிவு தோன்றாவிடின் இரு நாட்டு அதிகாரிகளும் கலந்து தீர்மானிப்பர்.

வரியைப் பகிரும் முறையிலும் ஒழுங்குண்டு. வீடு, காணி ஆகிய அசையா ஆதனத்தின் வருவாய்க்கு அவ்வாதனம் அமைந்த நாடே முதலில் வரி கொள்ளலாம். யாழ்ப்பாணத்து வீட்டு வாடகைக்கு இலங்கையே முதலுரிமை உடையது. அதன்பின் உரிமையாளன் வாழும் நாடு அதே வாடகையைத் தன் கணக்கிற் சேர்த்து வரியைக் கணித்து, இலங்கையிற் செலுத்திய வரியை வரவாகக் கழித்துவிடும். எடுத்துக்காட்டொன்று காட்டுவேன். வாடகையிற் றேறும் வருவாய் 100 என்க. இலங்கையிற் செலுத்திய வரி 15. பிரித்தானியாவில் அவ்வருவாய்க்குரிய வரி 20. அவன் அங்கே செலுத்த வேண்டியது 5 மாத்திரமே. மொத்தச் சுமை 35 அன்று, 20 ஆகும். இலங்கையில் 24 செலுத்தியிருப்பின் பிரித்தானியாவில் ஒன்றும் செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் மிகுந்த 4ஐ அந்நாடு திருப்பித் தராது. இரு வரிகளிற் பெரியது எதுவோ அதுவே ஈற்றில் அவன் சுமையாகும்.

இவ்வரவைப் பெறுதற்கு இரு நிபந்தனைகள் உண்டு. வரி உண்மையாகச் செலுத்தப்பட்டதாகவும், சட்டப்படி செலுத்த வேண்டியதாகவும் இருத்தல் வேண்டும். செலுத்தியதற்குச் சான்றும் வேண்டும். ஈண்டேதான் எமது குடும்பத்தின் பிழை வெளிப்பட்டது. வாடகைக்கு இலங்கையில் வரி செலுத்தப்படவில்லை. ஆகவே இலண்டனில் வரவாகக் காட்டுதற்கு ஒன்றுமில்லை. வட்டியில் வங்கி வரி பிடித்திருந்தது. ஆயின் பிடித்தது என் பெயரால். பொருளின் மெய்யுரிமை தமையனாருடையது. பிறர் பெயரிற் பிடிக்கப்பட்ட வரியைத் தன் வரவாகக் காட்டல் எளிதான செயலன்று. இரட்டை வரிக்கு அஞ்சி ஒளித்த செயலே ஈற்றில் இரட்டை வரியைக் கொணர்ந்தது.

தமையனார் ஈற்றிற் றாமே முன்வந்து பிரித்தானிய இறைவரிப் பகுதியினர்க்கு உண்மையைத் தெரிவித்தார். வரி நிலுவையும் வட்டியும் தண்டமும் செலுத்தினார். வெளிநாட்டு வருவாயை மறைத்தோர்மீது அந்நாட்டில் வரியின் இருமடங்கு வரையும் தண்டம் விதிக்கச் சட்டம் இடந்தருகின்றது. வேண்டுமென்றே மறைத்தவிடத்து 20 ஆண்டு வரை பின்னோக்கி விசாரிக்கலாம். தாமே வந்து கூறினார்க்குத் தண்டம் குறையும். "தொடக்கத்திலே சொல்லியிருந்தால் இதிற் பாதிகூடச் சென்றிராது" என்று கணக்காளர் கூறினாராம். இதனை எனக்குக் கூறும்போது அவர் குரலிற் சினமில்லை. வாடகைக்குரிய இலங்கை வரியையும் யாம் இருவரும் கணக்கிட்டுச் செலுத்தினோம்.

இன்னொரு தீங்கையும் யான் கூறாது விடலாகாது. இடையில் யான் இறந்திருப்பின், அவ்வைப்பு என் மனைவி மக்களுக்கே சட்டப்படி சேர்ந்திருக்கும். தமையனாரிடத்து ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. என் பிள்ளைகள் நல்லவர்கள் என்று யான் நம்புகின்றேன். ஆயினும் நம்பிக்கையின்மீது இத்துணைப் பாரத்தை ஏற்றுதல் நம்பிக்கைக்குச் செய்யும் நன்மையன்று. எம் ஊரில் உடன்பிறந்தார் பிரிந்தமைக்கும், நீதிமன்றம் ஏறியமைக்கும் இவ்வாறு பிறர் பெயரில் இட்ட பொருளே காரணமாயிற்று என்பதை அறியாதார் யார்?

இனி மறுப்பாரின் கூற்றையும் கேட்போம். "1983இல் உயிர்தப்பி ஓடியவனிடம் இந்நாடு வரி கேட்கத் தகுமோ? எம் வீட்டை அழித்தது யார்? திருத்திக் கட்ட உதவியது யார்?" என்பர் சிலர். இக்கேள்வியிலுள்ள துன்பத்தை யான் எள்ளி நகையாடேன். அத்துன்பம் மெய்யானது. ஆயினும் இரண்டு கூறுவேன். ஒன்று, இலங்கையின் வரியைச் செலுத்தாதொழிந்தால் அப்பணம் உரிமையாளன் கையில் மிஞ்சுவதன்று. மேற்காட்டிய கணக்கின்படி, இங்கே செலுத்தாத 15ஐ வாழும் நாடு தன் 20க்குள் வைத்து எடுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்து வீட்டின் வரி யாழ்ப்பாணத்து வீதிக்கும் வைத்தியசாலைக்கும் பள்ளிக்கும் ஒரு சிறு பங்கேனும் சேரும் வாய்ப்பையே இழக்கின்றோம். மற்றொன்று, 1945 தொடக்கம் இந்நாட்டில் நடைபெற்ற இலவசக் கல்வியாலேயே எம்மிற் பலர் படித்தோம். எமக்குக் கற்பித்த ஆசிரியரின் சம்பளம் பிறர் செலுத்திய வரி. அவருள் எம்மிலும் வறியவர் பலர்.

வேறு சிலர், "பெருங் கம்பனிகள் ஏய்க்கின்றன, சிறியவனை மாத்திரம் ஏன் பிடிக்கின்றீர்?" என்பர். இதில் உண்மை உண்டு. பெருங் கம்பனிக்குக் கணக்காளரும் சட்டவறிஞரும் கூலிக்கு உளர். பேருந்து ஓட்டியும் கடையில் நின்றும் உழைக்கும் எம் பழைய மாணவனுக்கு அவர் இலர். சட்டம் இருவரையும் ஒருபடித்தாய் நோக்குகின்றது. ஆயினும் இது சட்டத்தைத் திருத்தக் கேட்பதற்குக் காரணமாகுமேயன்றிப் பொய் கூறுவதற்குக் காரணமாகாது. இப்பொழுது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தம்முட் பரிமாறுகின்றன. மறைவிடங்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன என்பதையும் சிந்திக்க வேண்டும்.

சட்டஞ் செய்வோரிடம் யான் கேட்பது சிறிது. சிறு வருவாயை இரு நாட்டிலும் எழுதும் தொல்லையினின்றும் விடுவித்தல் வேண்டும். பிரித்தானியாவில் ஆதன வருவாய் ஆண்டுக்கு 1,000 பவுணுக்கு மேற்படாதாயின் விலக்களிக்கும் ஏற்பாடு 2017 தொடக்கம் உண்டு. அதுபோன்ற எல்லையை உடன்படிக்கைகளிலேயே அமைத்தால் முதியோர் பலர் அச்சம் நீங்கி வாழ்வர். இலங்கையில் வரி செலுத்தியமைக்கான சான்றிதழைக் கொழும்புக்கு அலையாது யாழ்ப்பாணத்திலேயே, தமிழிலும் ஆங்கிலத்திலும், குறித்த நாளுக்குள் பெறும் உறுதி வேண்டும். உடன்படிக்கைகளின் பொருளை எளிய தமிழில் விளக்கும் கைந்நூலொன்றும் வேண்டும். வயலுக்குரியவன் வரம்பைக் காணக்கூடியதாக இருத்தலே அறநெறி அறிந்து வரி கொள்ளலின் முதற்படியாகும்.

புலம்பெயர்ந்த அன்பர்களிடமும் சில வேண்டுகோள் உண்டு. உங்கள் பொருளை உங்கள் பெயரிலேயே வையுங்கள். உறவினரைக் காரியம் பார்க்க விடுவதாயின் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள். பெயரைக் கடனாகக் கேளாதீர்கள். வாடகைச் சிட்டை, வங்கியின் வரிச் சான்றிதழ், பயணத் திகதிகள் ஆகியவற்றை ஒரு கோவையிற் சேர்த்து வையுங்கள். கனடாவில் வாழ்வோர், வாடகைக்கு விட்ட வீடும் வங்கி வைப்பும் உட்பட வெளிநாட்டில் வைத்த பொருளின் கொள்விலை 100,000 டொலருக்கு மேற்படின், அதனைத் தனிப்படிவத்தில் அறிவிக்கும் கடமையுடையர். ஊர்திரும்ப எண்ணுவோர் புறப்படுமுன்பே இளைப்பாற்றுச் சம்பளத்தின் நிலையை ஆராயுங்கள். பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கையில் வாழ்வோர்க்கு ஆண்டுதோறும் உயர்த்தப்படுவதில்லை. கனடா வதிவாளரல்லாதார்க்குச் செலுத்தும் ஓய்வூதியத்தில், உடன்படிக்கை குறைத்தாலன்றி, 25 வீத வரியைப் பிடிக்கும். வந்தபின் வருந்துவதிலும் வருமுன் அறிதல் நன்று.

எமது பழைய மாணவர் சங்கங்களுக்கும் இதில் ஒரு பணியுண்டு. இவ்விழாவை முன்னிட்டுக் கல்லூரிக்குப் பொருளுதவி செய்ய அன்பர் பலர் முன்வருவர். இலண்டனிலிருந்து ஒருவர் 100 பவுணை நேரே கல்லூரிக் கணக்குக்கு அனுப்பினால் கல்லூரிக்குச் சேர்வது 100 பவுணே. அதே தொகையை, அந்நாட்டுச் சட்டப்படி அறநிலையமாக ஏற்கப்பட்ட சங்கமொன்றுக்கு, 'கிஃப்ற் எயிட்' என்னும் 1990ஆம் ஆண்டின் திட்டத்தின்கீழ்ப் பிரகடனத்தோடு வழங்கினால், அவர் போதிய வருமானவரி செலுத்துபவராயின், அரசாங்கம் மேலும் 25 பவுணைச் சங்கத்துக்கு அளிக்கும். கனடாவிலும் பதிவுசெய்யப்பட்ட அறநிலையத்தின் பற்றுச்சீட்டுக்கே வரிச்சலுகை உண்டு. ஆகவே ஆங்காங்குள்ள கிளைச் சங்கங்கள் முறைப்படி பதிவுசெய்து, பணம் கல்லூரியில் எவ்வாறு செலவாயிற்று என்பதற்குக் கணக்கும் வைத்தல் வேண்டும். நேர்மையாக எழுதப்படும் கணக்கு எம் பிள்ளைகளின் ஆய்வுகூடத்துக்கு நாலிலொரு பங்கு மேலதிகப் பொருளைத் தரும். ஆண்டுக்கொருமுறை இருநாட்டுச் சட்டமும் அறிந்த கணக்காளரை அழைத்து அங்கத்தவர்க்கு அறிவுரை வழங்கவும் சங்கங்கள் ஏற்பாடு செய்யலாம். எம்முள் அத்தொழில் கற்றோர் குறைந்தவரல்லர்.

தமையனாரின் வைப்பு இப்பொழுது அவர் பெயரிலேயே உள்ளது. வங்கியார் அப்பிரகடனப் பத்திரத்தை மீண்டும் என்முன் வைத்தபோது, என் வருமானம் எல்லைக்குட்பட்டதென்று ஒப்பமிட்டேன். அன்று என் கை நடுங்கவில்லை. கடந்த தைப்பொங்கலுக்குத் தமையனார் ஊர் வந்தார். வாடகைச் சிட்டைகளைக் கோத்து வைத்திருந்த கோவையை அவர்முன் வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இனி நான் வந்து இங்கே இருக்கலாம் போலிருக்கிறது" என்றார். பிறந்த வீட்டுக்கு அஞ்சாது திரும்பும் உரிமையே அவருக்குக் கிடைத்த பெரும் வரவென்று யான் கருதுகின்றேன். அவ்வுரிமை எம் கல்லூரியின் பழைய மாணவர் அனைவர்க்கும் வாய்ப்பதாக.